மண்ணுக்கு டிக்கெட் எடுத்தவர்

நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் புல் தின்றுகொண்டிருந்தார்.

குற்றாலத்து மலையடிவாரத்தில் இருந்த ஒரு பால் பண்ணையில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. ஐம்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். மேய்ச்சல் நிலத்தின் நடுவே காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் குந்தியிருந்தார். தரையிலிருந்து ஒவ்வோர் இலையாகக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். சிலவற்றைத் துப்பினார், சிலவற்றை விழுங்கினார். நான் வணக்கம் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"புளிச்சா புளியாரை. புளிக்கலன்னா நம்மாளு," என்றார்.

பிறகு ஓர் இலையை என்னிடம் நீட்டினார். மூன்று சிற்றிலைகள் கூடிய ஒரே இலை. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாக ஒரு பிறைக்கோடு. நான் மென்றேன். புளிக்கவில்லை, பச்சைப் பயறு போல இருந்தது.

"இதுக்குப் பேரு கிளவரு. பசுவு இதத் தின்னா பாலு கூடும். இது நின்ன எடத்துல மண்ணுக்குச் சத்து ஏறும். குளிர் நாட்டுப் பண்டம். இந்த வெக்கையில நிக்காதுன்னு படிச்சவன் பூராம் சொல்லுதான்," என்று சொல்லிவிட்டு, படித்தவன் என்பதற்காக என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருக்கு நான் செய்ததை எழுதப் போகிறேன், அதற்குப் பெயர் தேவையில்லை. பண்ணையில் எல்லோரும் அவரைப் புல்லண்ணாச்சி என்றார்கள். அவர் இல்லாத இடத்தில் 'மண்ணுக்கு டிக்கெட் எடுத்தவரு' என்பார்கள். அந்தக் கதையை ஆலங்குளம் பஸ் நிறுத்தத்து டீக்கடை வரைக்கும் அறிவார்கள். யுத்த காலத்திலிருந்து பல வருஷம் அவர் நீலகிரியில் பட்டாளத்து மாட்டுப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தவர். அங்கே பார்த்த கிளவரை இங்கே கொண்டுவர வேண்டும் என்று ஊர் திரும்பினார். வரும்போது விதை ஒரு சிறு பையிலும் மண் ஒரு சாக்கிலுமாக வந்தார். பஸ்ஸில் கண்டக்டர் சாக்கை உதைத்துப் பார்த்து, "என்ன வே இதுல?" என்று கேட்டிருக்கிறார். "மண்ணு." "எங்கன உள்ள மண்ணு?" "மலை மண்ணு." "ஏன், திருநெல்வேலிச் சீமையில மண்ணு தீந்துட்டோ?" பஸ்ஸே சிரித்திருக்கிறது. முழு டிக்கெட் எடுத்தால்தான் ஏற்றுவேன் என்று கண்டக்டர் பிடிவாதம் பிடிக்க, இவரும் எடுத்துவிட்டார். எடுத்ததோடு நிற்கவில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று என்று சாக்கைத் தூக்கி இருக்கையில் வைத்துவிட்டு, தென்காசி வரை தான் நின்றுகொண்டே வந்தார்.

அவரிடம் ஒருமுறை கேட்டேன், மண் எதற்கு என்று.

"நம்ம மண்ணுல இது வேரு பிடிக்கும், முடிச்சு விழாது. வேருல முடிச்சு விழுந்தாத்தான் அது செழிக்கும். அந்த முடிச்சப் போடுத கிருமி அங்கன உள்ள மண்ணுலதான் இருக்கு. அதக் கஞ்சியில கொழச்சு வெதைக்கு மேல பூசி வெதைச்சேன்." பிறகு, "பிள்ளைய மட்டும் கூட்டியாந்தா போதுமா வே, அது பழகுன ஆளு ஒண்ணாவது கூட வர வேண்டாமா?" என்றார்.

அவர் பேசியதிலேயே மென்மையான வாக்கியம் அதுதான். மற்றபடி அவர் வாயில் நல்ல சொல் வராது. மாட்டுக்காரர்களிடம், "மாட்டுக்கு மூளை இருக்கு, மாட்டுக்காரனுக்குத்தான் இல்ல," என்பார். முதலாளியிடமும் அதே குரல். அச்சன்புதூரில் அவர் மனைவி இருந்தார், பிள்ளைகள் இல்லை. சைக்கிளில் போனால் தொட்டுவிடும் தூரம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போவார், போன கையோடு திரும்புவார். அந்த அம்மாளுக்கு நெஞ்சுச் சளி, இழுப்பு. மார்கழிப் பனியில் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்குவார் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். இவர் கேட்டுக்கொள்வார். பிறகு, "இந்தப் பனி நம்மாளுக்கு ரொம்ப நல்லது," என்று நிலத்தைப் பார்ப்பார்.

முதலாளி அவருக்குக் கொடுத்திருந்த கெடு இதுதான். விதைப்பது ஒரே ஒரு தடவை. அதன்பின் இரண்டு வருஷம் அது தானாக வர வேண்டும். வந்தால் அடிவாரத்து நிலம் முழுவதும் கிளவர். அவர் அதற்கு மேஸ்திரி. வராவிட்டால் நிலத்தை உழுது நெல் போடுவது. அவர் வேறு வேலை பார்த்துக்கொள்வது. நான் சேர்ந்தபோது விதைத்த செடி பூத்து ஓய்ந்துகொண்டிருந்தது. இனித் தானாக வர வேண்டிய முதல் வருஷம்.

சித்திரை பிறந்ததும் அத்தனையும் கருகியது. தரையில் பழுப்பு நூல்கள் கிடந்தன, அவ்வளவுதான். முதலாளி காரை விட்டு இறங்கிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சே வே," என்றார்.

"செடி செத்துட்டு. சாகத்தான் செய்யும்," என்றார் இவர். "மலையில அது வருசக்கணக்கா நிக்கும். இங்கன நிக்காது. இங்கன அது பொழைக்குத வழி வேற."

இடுப்பில் எப்போதும் ஒரு குடைக்கம்பியைச் செருகி வைத்திருப்பார். அதனால் மண்ணைக் கிளறி, ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் ஊதினார். தூசி பறந்த பிறகு கசகசாவைப் போல, மஞ்சளாக ஐந்தாறு மணிகள் மிஞ்சின.

"கிளவரு இந்தா இருக்கு," என்றார்.

முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரித்து வைத்தேன். முதலாளி சிரித்தால் எழுத்தர் சிரிக்க வேண்டும்.

அந்த விதைகளில் ஒரு விசேஷம் உண்டு. மேல்தோல் கல். தண்ணீர் ஊறாது. வெயிலில் வெந்து, மழையில் நனைந்து, தோல் தேய்ந்த பிறகுதான் முளைக்கும். சில அடுத்த மழைக்கு, சில அதற்கடுத்த வருஷத்துக்கு, சில ஐந்தாறு வருஷம் கழித்து. நிலத்தின் ஓரத்தில் விடுபட்ட, கெடுவில் சேராத ஒரு துண்டுக்கு விதைக்கையில் அவர் பாதி விதையைச் சிரட்டையில் மணலோடு போட்டுத் தேய்த்தார்; பாதியைத் தேய்க்காமல் விட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பாதி இந்த வருசத்துக்கு. பாதி நாம இல்லாத வருசத்துக்கு."

ஆனியில் சாரல் விழுந்ததும் நாட்டுப்புல் எழுந்தது. ஆவணிக்குள் முழங்காலைத் தாண்டிவிட்டது. நான் அதைப் பார்த்து மகிழ்ந்து அவரிடம் சொன்னேன். அவர் பண்ணையின் அத்தனை மாட்டையும் கொண்டுவந்து அதற்குள் விட்டார். புரட்டாசி முடிவதற்குள் நிலம் மொட்டையாகிவிட்டது. குளம்பு பட்டுப் புழுதி பறந்தது. இவ்வளவு செழித்து வந்த புல்லை இப்படிச் செய்கிறாரே என்று மாட்டுக்காரர்களே முணுமுணுத்தார்கள்.

"அடியில கெடக்கவனுக்கு வெளிச்சம் வேண்டாமாலே?" என்று அவர்களை அதட்டினார். என்னிடம் திரும்பி, "அடைக்கத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு இருக்கான் வே. பூக்குத சமயம் அடைக்கணும், வெதை முத்துத வரைக்கும். அதுக்கப்புறம் தெறந்துவிட்டு மேய்க்கணும், கருணையே இல்லாம. அந்த ரெண்டாவதுதான் எவனுக்கும் தெரியாது," என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அதில் பாதிதான் என் காதில் நின்றது என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஐப்பசி மழையில் விதைகள் முளைத்தன. ஒவ்வோர் அங்குலத்திலும். மார்கழிக்குள் பச்சைக் கம்பளம். மார்கழி முடியும்முன்பே வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு உருண்டை. போன வருஷம் தாமதமாக விதைத்ததால் மாசியில்தான் பூத்தது. இந்த வருஷம் தானாக வந்தது முந்திக்கொண்டது. முதலாளி பார்த்துவிட்டு, ஒரு பூவைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். அன்று இவர் முதன்முறையாக எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

முந்திக்கொண்டதில்தான் வினை. அந்த நிலம் முதலாளி குத்தகைக்கு எடுப்பதற்கு முன்னால் ஊரின் மேய்ச்சல் வெளி. மாட்டுப் பொங்கலன்று ஊர் மாடுகளையெல்லாம் ஆற்றில் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, கயிற்றை அவிழ்த்து அங்கே விடுவது வழக்கம். விளக்கு வைக்கும்வரை எந்த மாட்டையும் எவரும் விரட்டக் கூடாது. குத்தகைக்குப் போன பிறகும் அந்த ஒரு நாளை முதலாளி தடுத்ததில்லை. இந்த வருஷம் அந்த நாள் பூ நடுவில் வந்தது. ஒன்றிரண்டு பூக்கள் மட்டும் பழுத்துக் காய்ந்திருந்தன. மற்றதெல்லாம் விதை முற்றாத பால் பருவம்.

இவர் ஊர்ப் பெரியவர்களிடம் போனார். கெஞ்சியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள். அவர் கெஞ்சுகிறவர் இல்லை. "ஒரு நாளு மாட்டுக்குப் புல்லு இல்லன்னா செத்துருமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். வேலிக்கு முள் கட்டினார். வாசல் படலுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். மாட்டுப் பொங்கலுக்கு முதல் நாள் அச்சன்புதூரிலிருந்து ஆள் வந்தது. மனைவிக்கு மூச்சு முட்டுகிறது, தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று. அவர் வேலியை ஒருமுறை சுற்றிப் பார்த்து வந்தார். பிறகு சாவியை என் கையில் வைத்தார்.

"நாளைக்கழிச்சு காலையில வந்துருவேன். எவன் வந்தாலும் தெறக்காதீரும். என்ன?"

"நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

அப்போது என் மனைவி நிறைமாதம். முதல் பிள்ளை. நாங்கள் பண்ணையின் உள்ளேயே ஓர் ஓட்டு வீட்டில் இருந்தோம்.

மாட்டுப் பொங்கலன்று உச்சிப்பொழுது சாய்ந்ததும் வந்தார்கள். முதலில் சிரிப்பும் கேலியுமாகத்தான் இருந்தது.

"என்ன எழுத்தரய்யா, மாட்டுக்கு லைசென்சு வேணுமோ?"

"எங்க மாடு டிக்கெட்டு எடுத்துட்டுத்தான் வந்திருக்கு, கதவத் தெறங்க."

"மண்ணுக்கே டிக்கெட் எடுத்த ஆளு பண்ணை, மாட்டுக்கு எடுக்காம முடியுமா?"

நான் படலுக்கு உள்ளே நின்றுகொண்டு, முதலாளி ஊரில் இல்லை, என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாவி என் மடியில் இருந்தது. கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை, நாற்பது வயதிருக்கும், கிழட்டுப் பசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். பசுவுக்குக் கண் மங்கல். கொம்பில் மட்டும் புதுச் சிவப்பு. அவள் சத்தம் போடவில்லை.

"எய்யா, இதுக்கு இதுதான் கடைசிப் பொங்கலு. நீரு பிள்ளத்தாச்சிய வீட்டுல வச்சிருக்கீரு. நல்ல நாளும் அதுவுமா வாயில்லாச் சீவன வாசல்ல நிறுத்தி வெரட்டுதீரே. இது விடுத மூச்சு உம்ம பிள்ளைக்கு ஆகுமா?"

பசு படலின் கழி மேல் தாடையை வைத்து ஊதியது. அந்தச் சூடு என் கையில் பட்டது. எட்டிப் பார்த்தால் என் வீட்டு வாசலில் என் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

நான் திறந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாடுகள் திரும்பிப் போன பிறகு நிலத்தில் ஒரு பூ இல்லை. அப்போதுதான் எனக்கு அவர் முகம் ஞாபகம் வந்தது. சங்கிலியை மறுபடி மாட்டி, பூட்டைப் பூட்டி, ஒரு கல்லை எடுத்து, பூட்டு வாய் பிளக்கும்வரை அடித்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தார். மனைவியை ஆஸ்பத்திரியில் கொழுந்தியாள் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார். வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"கூட்டமா வந்தாங்க அண்ணாச்சி. பூட்ட ஒடச்சிட்டாங்க. நான் ஒத்த ஆளு என்ன செய்ய?"

அவர் உள்ளே வந்தார். நிலத்தைப் பார்க்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த பூட்டை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார்.

"வெளிய நின்னுல்லா ஒடைச்சாங்க?"

"ஆமா."

"நசுங்குனது உள்பக்கம்."

பூட்டை என் கையில் வைத்தார். "வச்சுக்கிடும்," என்றார். அதற்கு மேல் அவர் என்னிடம் பேசியதில்லை. ஒரு வார்த்தைகூட.

முதலாளி வந்து விசாரித்தபோதும் நான் அதையேதான் சொன்னேன். அண்ணாச்சி முன்னாலேயே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை; குடைக்கம்பியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். காவல் இருக்க வேண்டிய நாளில் ஊருக்குப் போனவருக்கு மேஸ்திரி வேலை எதற்கு என்று முதலாளி அவரை அனுப்பிவிட்டார். ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். பெருந்தன்மை என்று நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்ள முடிந்ததில்லை. வாதாடுவதற்கு நான் தகுதியான ஆள் இல்லை என்று விட்டிருப்பார். அவர் புளியாரையைத் துப்பும்போது முகம் சுளிக்க மாட்டார். துப்பிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

அவர்கள் ஊரைவிட்டுப் போன அன்று தென்காசி பஸ் நிலையத்தில் அவர் மனைவியைப் பார்த்தேன். அவர் டிக்கெட் எடுக்கப் போயிருந்தார். அந்த அம்மாள் மூட்டை மேல் உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"நீருதானா அது? பூவு போச்சேன்னு நாலு நாளு சாப்பிடல இவரு. ஆஸ்பத்திரியில எனக்குக் காவலு ரெண்டு ராத்திரி. பூவுக்கு ஒரு வருசம்." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "பூவும் நிக்கல. நானும் நிக்கப் போறதில்ல. இனி எதுக்குக் காவலு இருப்பாரோ."

என் மகள் தை கடைசியில் பிறந்தாள். எந்தக் குறையும் இல்லை. கிழட்டுப் பசுவை நான் விட்டதால்தான் என்று வெகுநாள் நம்பினேன்.

அவர் போன பிறகு எனக்குக் குற்ற உணர்வு வந்தது. காலம் தப்பி வருகிற எல்லாக் குற்ற உணர்வையும் போல அதுவும் சுறுசுறுப்பாக இருந்தது. முதலாளியிடம் நானே சொன்னேன்: "பழுத்த பூவுலேர்ந்து கொஞ்சம் வெதை விழுந்திருக்கும், போன வருசத்து வெதையும் மண்ணுல இருக்கும். இனி ஒரு மாடு உள்ள போகாம அடைச்சு வச்சா திரும்ப வந்துரும்." கம்பி வேலி போட்டார்கள். புதுப் பூட்டு. சாவி என்னிடம். பண்ணை மாட்டைக்கூட நான் விடவில்லை. சாரலில் புல் எழுந்தது. முழங்கால், இடுப்பு, மார்பு. புரட்டாசியில் மாட்டுக்காரன் ஒருவன், "அண்ணாச்சி இருந்தா இந்நேரம் மாட்ட விட்டிருப்பாருல்லா," என்றான். அவனை அதட்டி அனுப்பினேன். காவல் காப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அடுத்த தையில் புல்லை விலக்கிப் பார்த்தேன். அடியில் வெளிறிய காம்புகள் சில, வெளிச்சத்தைத் தேடி நீண்டு, இலை விடாமலே செத்திருந்தன. நிலத்தை உழுது நெல் போட்டார்கள். மாடுகள் தின்றதில் அது சாகவில்லை. நான் பூட்டியதில் செத்தது.

அந்தப் பண்ணை வேலையை விட்டு, தென்காசியில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, வீடு மாறி, தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் போன ஆடி மாதம்.

என் மகள் பள்ளி இறுதி வகுப்பு படிக்கிறாள். சாரல் தொடங்கியதிலிருந்து இரண்டு நாள் ஈரத் தலையோடு தாமதமாக வந்தாள். தோழிகளோடு அருவிக்குப் போனதாகச் சொன்னாள். அலுவலகத்தில் ஒருவர், ஐந்தருவிப் பக்கம் பையன்களும் பெண்களுமாக நின்று சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அவளைப் பார்த்ததாகச் சொன்னார். நான் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். பரீட்சைக்கு ஒரு வருஷம்கூட இல்லை, நிறுத்தாதீர்கள் என்று தலைமை ஆசிரியை சொல்லியனுப்பினார். கேட்கவில்லை. அலுவலகம் போகும்போது பின்கட்டு அறையில் அவளை விட்டு, வெளியே நாதாங்கியை மாட்டிப் பூட்டினேன். மனைவி அழுதாள். "பூக்கிற வயசு, அடைச்சு வச்சாத்தான் நிக்கும்," என்று அவளுக்குச் சொன்னேன். யாருடைய வாக்கியத்தைச் சொல்கிறேன் என்று எனக்கே அப்போது உறைக்கவில்லை.

பதினோராம் நாள், மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் மகள் போய்விட்டாள். அறைக்குள் கிடந்த குழவிக்கல்லால் கதவை அடித்திருக்கிறாள். நாதாங்கி நெளிந்து தொங்கியது. அடி விழுந்தது உள்ளேயிருந்து.

இரண்டு நாள் தேடினேன். பஸ் நிலையம், ரயிலடி, தோழிகள் வீடு, வீரகேரளம்புதூரில் என் தம்பி வீடு. சிற்றாற்றுக் கரையில் எதைத் தேடி நடந்தேன் என்று எழுத மாட்டேன். இரண்டாம் நாள் பிற்பகல், கால் போன போக்கில் பழைய பண்ணைப் பக்கம் போயிருக்கிறேன். நிலத்தில் நெல் நின்றது. அதை ஒட்டி ஊருக்குப் போகிற மாட்டுப் பாதையில் ஓய்ந்துபோய் உட்கார்ந்தேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. காலடியில் மூன்றிலை. வெள்ளைப் பிறைக்கோடு.

புளியாரையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கிள்ளி வாயில் போட்டேன். புளிக்கவில்லை.

பாதையின் இரண்டு ஓரத்திலும் அது இருந்தது. மாடுகள் மிதித்து, கடித்து, தரையோடு தரையாக. பழைய சாணி கிடந்து மக்கிய இடங்களில் வட்டம் வட்டமாக. மகளைத் தேடிப் போனவன், மண்டியிட்டு அதைத் தின்றுகொண்டிருந்தேன்.

"என்ன எய்யா, புல்ல மேயுதீரு?"

பசுவும் கன்றுமாக ஒரு கிழவி நின்றாள். முகம் சட்டென்று பிடிபடவில்லை, குரல் பிடிபட்டது. நான் அந்தப் பழைய எழுத்தர் என்று சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆமா, மாட்டுப் பொங்கலுக்குத் தெறந்துவிட்ட புண்ணியவான். அன்னைக்குத் தின்னுட்டு வந்து மாடுவ வழி பூராம் சாணி போட்டுச்சுல்லா, அதுலேர்ந்து இது கெடக்கு. வெயிலுக்குப் போவும், மழைக்கு வரும். பிடுங்குனாலும் போவாது."

"ஆச்சி, அன்னைக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க. அந்தப் பசு விடுற மூச்சு என் பிள்ளைக்கு ஆகாதுன்னு."

"நானா?" கொஞ்சம் யோசித்தாள். "அப்படியா சொன்னேன்? மாட்டுக்குப் புல்லு கெடைக்கணும்னா வாயில வந்ததச் சொல்லுததுதான். அதையா இத்தன வருசமாத் தூக்கிட்டுத் திரியுதீரு?"

நான் இன்னும் ஓர் இலையைக் கிள்ளினேன்.

"அந்த டிக்கெட்டுக்காரரு ஒருக்க வந்தாரு," என்றாள். "பொஞ்சாதி தவறி ஒண்ணு ரெண்டு வருசம் இருக்கும். இந்தா, நீரு உக்காந்திருக்க எடத்துலதான் உக்காந்து, ஒம்மள மாதிரியே தின்னாரு. கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சு, பெறகு இல்ல. போவும்போது ஒம்மளத்தான் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"'பூட்டுக்காரரு எப்படி இருக்காரு? பிள்ள பெறந்துச்சா?'ன்னாரு. பொட்டப்பிள்ள, நல்லாருக்குன்னேன். 'அதையாவது பூட்டாம வளக்கட்டும்'னுட்டு எந்திச்சுப் போயிட்டாரு."

அன்று சாயங்காலம் ஆலங்குளத்திலிருந்து ஆள் வந்தது. மகள் என் மனைவியின் அக்காள் வீட்டில் இருந்தாள். இரண்டு நாளும் அங்கேதான் இருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் போய்க் கூப்பிட்டேன். மறுபடி பள்ளிக்கூடம் போவதாக இருந்தால் வருகிறேன் என்று பெரியம்மாளிடம் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்று. என்னோடு பேசுவதில்லை. சோறு வேண்டும் என்றால் தாயிடம் கேட்கிறாள். நான் நடையில் நின்றால் நான் நகரும்வரை காத்திருந்து போகிறாள். மனைவி, பொறுங்கள், சரியாகிவிடும் என்கிறாள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் உண்டு. சில விதை அடுத்த மழைக்கு, சில ஐந்தாறு வருஷம் கழித்து என்று சொன்னவர். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்துப் போனாலும் என்னிடம் பேச மாட்டார்.

பின்கட்டுக் கதவுக்குத் தச்சனைக் கூப்பிடட்டுமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். நாதாங்கி நெளிந்தபடியே தொங்குகிறது. என் மேசையின் அடியறையில் அந்தப் பழைய பூட்டும் இருக்கிறது.

நேற்று சனிக்கிழமை. மத்தியானம் அவள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினாள். தாயிடமும் சொல்லவில்லை. அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. எங்கே என்று கேட்க வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். விளக்கு வைத்த பிறகுதான் வந்தாள், தலை ஈரமாக. நான் அதுவரை வாசலுக்குப் போகாமல், உள்ளே, அந்த நெளிந்த நாதாங்கிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.